பூட்டிய எண்கள்

ஃபோர்ஸா ஹொரைஸன் 5 என்னும் கார்ப் பந்தய விளையாட்டில், பிறர் செப்பனிட்ட வண்டியமைப்பை ஒன்பது இலக்கக் குறியீடு ஒன்றைக் கொண்டு எவரும் பெற்றுக்கொள்ளலாம். பெற்ற அமைப்பில் வண்டியை ஓட்டலாம். ஆனால் அதனுள் இடப்பட்டுள்ள எண்களைப் பார்க்க இயலாது. அமைத்தவர் பூட்டிய நிலையிலேயே அது நம்மிடம் வருகிறது. வண்டி அழகாகச் சறுக்கும். ஏன் சறுக்குகிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. ஆய்வுலகில் இருப்போர் சற்றே நின்று எண்ண வேண்டிய ஏற்பாடு இது எனக் கருதுகிறேன்.

டிரிஃப்டிங் என்பது, பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரங்களை எதிர்த்திசையில் திருப்பி, வண்டியைக் கட்டுக்குள் வைத்தபடி வளைவைக் கடக்கும் கலை. ஜப்பானில் 1970களில் தகஹாஷி குனிமிட்ஸு பந்தயக் களத்தில் கையாண்ட இம்முறையை, ட்ஸுச்சியா கெய்இச்சி மலைப்பாதைகளில் பயின்று புகழ்பெறச் செய்தார். இன்று இப்போட்டிகளில் முதலில் வந்தவர் யார் என்று பார்ப்பதில்லை. சறுக்கும் கோணம், வேகம், வண்டி செல்லும் தடம் ஆகியவற்றுக்கே நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர்.

விளையாட்டில் இதற்கென ஒரு வண்டியைச் செப்பனிட முனைவோர் முதலில் உணர வேண்டியது, டயரின் பிடிப்பு அளவுக்குட்பட்டது என்பதை. முன்னோக்கித் தள்ளுவதற்கும் பக்கவாட்டில் தாங்குவதற்கும் அந்த ஒரே பிடிப்பே பகிரப்படுகிறது. எஞ்சினின் ஆற்றல் பின்டயர்களின் பிடிப்பு முழுவதையும் சுழற்சியிலேயே செலவிடச் செய்தால், பக்கவாட்டில் தாங்க எதுவும் எஞ்சாது. வண்டியின் பின்பகுதி வெளியே நழுவும். டிஃபரன்ஷியலை 100 விழுக்காடு இறுக்குவதன் காரணமும் இதுவே. இறுக்காவிடில், பாரம் குறைந்த உட்புறச் சக்கரம் மட்டும் வீணே சுழலும். இறுக்கினால் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்று ஒருங்கே பிடிப்பை இழக்கும்.

அடுத்தது, முன்சக்கரங்களின் செங்குத்துச் சாய்வான கேம்பர். விளையாட்டு அனுமதிக்கும் எல்லையான −5.0 வரைகூட இதனைக் கொண்டுசெல்வோர் உண்டு. பார்ப்பதற்கு மிகையாகத் தோன்றும் இவ்வெண்ணின் பொருள் வேறோர் எண்ணில் இருக்கிறது. ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வைக் குறிக்கும் கேஸ்டர் 7.0 என உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும்போது, எதிர்த்திசையில் திரும்பிப் பாரம் தாங்கும் முன்சக்கரத்தின் தலை வெளிப்புறமாகச் சாயத் தலைப்படும். அச்சாய்வை முன்கூட்டியே ஈடுகட்டி, டயரைத் தரையில் சமமாகப் படியவைப்பதே எதிர்மறைக் கேம்பரின் பணி. கேஸ்டரைக் குறைத்துவிட்டு −5.0 என்பதை மட்டும் வைத்திருந்தால், டயரின் உள்விளிம்பே தரையைத் தொடும். அவ்வெண்ணுக்குத் தனியே மதிப்பில்லை. அமைப்பிற்குள்தான் அது மதிப்புப் பெறுகிறது. சொசூர் மொழியைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

இக்காரணங்களைக் கண்டறியும் வழியும் மொழியியலாளருக்குப் புதிதன்று. வலி, வளி, வழி என்னும் சொற்களில் ஓர் ஒலியை மட்டும் மாற்றி, ஏனையவற்றை அவ்வாறே நிறுத்தி, பொருள் மாறுவதைக் கொண்டு ல, ள, ழ மூன்றும் தனித்தனி ஒலியன்கள் என நிறுவுகிறோம். செப்பனிடுவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். மெக்ஸிகோவைக் களமாகக் கொண்ட இவ்விளையாட்டில், எரிமலையிலிருந்து இறங்கும் வளைசாலையின் ஒரு வளைவைத் தேர்ந்துகொண்டு, ஓர் எண்ணை மட்டும் மாற்றி, அதே வேகத்தில் அதே வளைவை மீண்டும் மீண்டும் கடக்கலாம். இரண்டு எண்களை ஒருங்கே மாற்றினால் வண்டி மேம்படலாம்; எதனால் மேம்பட்டது என்ற அறிவு கிட்டாது.

பூட்டிய அமைப்பு பயனற்றது எனச் சொல்லவில்லை. நல்ல வண்டி எப்படி உணரப்படும் என்பதைத் தொடக்கநிலையாளர் அதிலிருந்தே அறிய முடியும். ஓட்டுவதுடன் நின்றுவிட்டால் குறையேதும் இல்லை. ஆனால் ஆய்வாளருக்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பௌல் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராத் என்னும் ஒலிப்பகுப்பு மென்பொருளை எண்ணிப் பாருங்கள். ஃபார்மன்டுகளைத் தேடும் மேல்வரம்பு அதில் இயல்பாக 5500 ஹெர்ட்ஸ் என வைக்கப்பட்டிருக்கும். பெண்குரலுக்கு அது பொருந்தும். வளர்ந்த ஆணின் குரலுக்கு 5000 பரிந்துரைக்கப்படுகிறது. ஏறத்தாழ 17.5 செ.மீ. நீளமுள்ள குரல்வழியின் ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 எனத் தொடர்ந்து 4500 வரை அமைவதால், 5000க்குள் ஐந்தும் அடங்கிவிடும். இதை அறியாமல் ஆண்குரலுக்கும் 5500ஐயே விட்டுவைத்தால், உ, ஒ போன்ற உயிர்களில் நெருங்கி நிற்கும் முதலிரு ஃபார்மன்டுகளை மென்பொருள் ஒன்றாகக் கொள்ளக்கூடும். அட்டவணை ஒழுங்காகவே வரும்; வரைபடமும் அழகாகவே இருக்கும். பிழை மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வகையில் விளையாட்டு நமக்கு இரக்கம் காட்டுகிறது: காரணமறியாது வைத்த எண்ணால் வண்டி உடனே சுழன்று தடுப்புச் சுவரில் மோதிவிடும். ஆய்வேட்டில் அத்தகைய சுவர் இல்லை. வாய்மொழித் தேர்வில் எவரேனும் “ஏன் இந்த எண்?” என்று கேட்டால்தான் உண்டு. “எல்லோரும் இதைத்தான் வைக்கிறார்கள்” என்பது அதற்கு விடையாகாது.

தம் அமைப்பின் எண்கள் அனைத்தையும் பொதுவில் வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஏன் அவ்வாறு வைத்தோம் என விளக்கி எழுதும் ஆட்டக்காரர்கள் சிலர் உண்டு. அவற்றைப் படிப்பவர் தம்மிடமுள்ள வேறொரு வண்டிக்கு அக்காரணங்களை எடுத்துச் செல்லலாம், எண்களை மாற்றிக்கொள்ளலாம். நம் ஆய்வேடுகளின் முறையியல் இயல்களிலும் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்த ஒரு வரிதான் பூட்டைத் திறக்கும்.