கீழ்ப்பாதி ரிப்பன்

ஆவடி மார்க்கெட் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மாலை பேட்ச். பள்ளி முடிந்து நேராக வந்த, இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிய பெண்கள் முன்வரிசையில் 'ஏ எஸ் டி எஃப்' அடிக்கிறார்கள். பின்வரிசையில் குரூப் 4 தட்டச்சர் வேலையைக் குறிவைத்த பெரியவர்கள்.

நான் தேடிப் போனது டைப்ரைட்டர் மெக்கானிக்கை. அறுபதைத் தாண்டியவர். அம்பத்தூர், பட்டாபிராம், பூந்தமல்லி என்று மொபெட்டில் சுற்றுகிறவர். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வு. அதற்கு முந்தைய வாரங்கள் அவருக்கு சீசன்.

"எல்லாரும் கீயைத்தான் பார்ப்பாங்க சார். எழுத்து விழுறது ரிப்பன்ல" என்றபடி ஒரு கோத்ரெஜ் மெஷினின் மூடியைத் தூக்கினார். இரண்டு ஸ்பூல், நடுவே அரை அங்குல அகலத்தில் மை ஊறிய துணிநாடா. ஒரு பக்கம் சுற்றி முடிந்ததும், நாடாவின் நுனிக்கு அருகிலுள்ள பித்தளைக் கண் ஒரு கொக்கியைத் தள்ளும். ரிப்பன் தானே எதிர்த் திசையில் ஓடத் தொடங்கும். அந்தக் கண் பிய்ந்துபோனால் ரிப்பன் நகராது. அடித்த இடத்திலேயே அடிபட்டு ஓட்டை விழும். அன்று அவர் பார்த்த ரிப்பேர்களில் பாதி இந்த வகைதான்.

கறுப்பும் சிவப்பும் கலந்த ரிப்பனை இங்கே யாரும் வாங்குவதில்லை. முழுக் கறுப்பு போதும். மேல்பாதி வெளுத்ததும் நிறம் மாற்றும் லிவரைச் சிவப்புக்குத் தள்ளினால், தொடாத கீழ்ப்பாதி கிடைக்கும். ஒரு ரிப்பனில் இரண்டு ஆயுள். சிக்கனம் சரி, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: வெளுத்த ரிப்பனில் பழகும் பிள்ளைகள் எழுத்து தெரியட்டும் என்று ஓங்கி அடிக்கிறார்கள். பிறகு கை மாறுவதில்லை. ரோலர் ரப்பரில் பள்ளம் விழுகிறது. தேர்வில் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. ஓங்கி அடிக்கிற விரல் அந்த வேகத்துக்கு எப்படிப் போகும்? பயிற்சிக்கும் நல்ல ரிப்பன் போடலாம் என்பது என் கட்சி. இன்ஸ்டிடியூட் டீச்சர் சிரித்தார். "இந்த ஃபீஸ்ல அது கட்டுப்படியாகுமா சார்?"

இந்த ஊருக்கும் கோத்ரெஜுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1955இல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் இந்தியாவிலேயே செய்த அவர்களுடைய டைப்ரைட்டர் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2009இல் உற்பத்தி நின்றது. இப்போது உதிரி பாகம் வேண்டுமென்றால் ஒரு பழைய மெஷினை உடைத்து இன்னொன்றைப் பிழைக்க வைக்கிறார் இவர். ரிப்பனுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை, கடையில் புதிதாகவே கிடைக்கிறது.

தேர்வுக்கு மெஷின்கள் வேனில் ஏறிப் போகும். புது ரிப்பன் அதற்கு முந்தின நாள்தான்.

"அண்ணே, எல்லா மெஷினுக்கும் மாத்திடுங்க" என்றார் டீச்சர்.

"கழட்டுற ரிப்பனைத் தூக்கிப் போட்றாதீங்க டீச்சர். கீழ்ப்பாதி இருக்கு" என்றார் மெக்கானிக்.