உம்மும்மாவின் வெள்ளி

"உங்கட வகுப்புக் காசுக்கு இத வித்துக்கலாம் மகள். சீமை வெள்ளி. அடியில நாலு முத்திரை இரிக்கி" என்று உம்மும்மா தேநீர்ப் பாத்திரத்தை என்னிடம் தந்தார். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த நாளில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை இலண்டனைக் குறிக்கும். நங்கூரம், 1773 முதல் பர்மிங்ஹாமை. (கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்!) ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். பூதக்கண்ணாடி வைத்துச் சிங்கத்தைத் தேடினேன். இருந்தவை நான்கு கட்டங்களுக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள்: ஈ, பீ, என், எஸ். நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் பூசிய வெள்ளி என்று அர்த்தம். பார்வைக்கு மட்டும் அசல் முத்திரை போலவே இருந்தது.

உம்மா பொத்தான் போட்டு வைத்திருந்த பழைய சுண்ணாம்புச் சிமிழையும் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனோம். அதில் ஒரு குறியும் இல்லை. கடைக்காரர் உரைகல்லில் தேய்த்து ஒரு துளி அமிலம் விட்டார். "இதுதான் வெள்ளி. ஊர்த் தட்டார் செஞ்சது. அவங்க எங்க முத்திரை குத்தினாங்க?"

இரவு உம்மும்மாவிடம் சிமிழைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப, மத்தது?"

"பூசினது, உம்மும்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பொத்தான்களைத் தேநீர்ப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, "சிமிழ வித்திடுங்க" என்றார்.

அது அவருடைய உம்மாவின் சிமிழ். வகுப்புக் காசு இன்னும் கட்டவில்லை.