காவிரிக் கரையில் சாந்திவனம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூருக்குச் செல்லும் பெருவழியில், காவிரியின் தென்கரையில் அமைந்தது குளித்தலை. அப்பர் பெருமான் பாடிய திருக்கடம்பந்துறை இதுவே. கடம்பவனநாதரை வழிபடச் செல்லும் சைவ அன்பர்கள், அருகிலுள்ள தண்ணீர்ப்பள்ளி என்னும் சிற்றூரையும் கண்டு வருதல் தகும். அங்கே மரச் சோலையின் நடுவே சாந்திவனம் என்னும் கிறிஸ்தவத் தவப்பள்ளி விளங்குகின்றது.

வாயிலிற் கோபுரம், உள்ளே இருள் சூழ்ந்த கருவறை, அதன்மேல் விமானம். கிறிஸ்துநாதரைப் பத்மாசனத்தில் அமர்ந்த கோலத்திற் காணலாம். நாடோறும் மூன்று வேளை வழிபாடு. காலையிற் சந்தனமும், நண்பகலிற் குங்குமமும், மாலையில் விபூதியும் வழங்குகின்றனர். விவிலியத்தோடு உபநிடதமும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் ஓதப்படுகின்றன. காலையும் மாலையும் தியானத்துக்குரிய மோன வேளைகள். அப்போது இலையசைவும் பறவையொலியுமே செவியில் விழும்.

இது மெய்யன்பா, அன்றி மதமாற்றத்துக்கு இட்ட வேடமா என்னும் ஐயம் நம்மவர்க்கு எழுதல் இயல்பே. 1980ஆம் ஆண்டுகளில் இந்து எழுத்தாளர் சிலர் இவ்வினாவை வெளிப்படையாகவே எழுப்பினர். விடை காண விழைவோர் கட்டடத்தை விடுத்து, அதனைத் தோற்றுவித்தோர் வாழ்க்கையை நோக்குதல் வேண்டும்.

1950இல் இப்பள்ளியை நிறுவியோர் பிரான்சு நாட்டுக் குருமார் இருவர். மூத்தவராகிய மொன்சனின், சீடர் கூட்டம் எதனையுங் காணாமலே 1957இல் மறைந்தார். மற்றவர் லெ சோ. அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டவர். 1949இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைத் தரிசித்த அவர், பின்னர் அருணாசலக் குகைகளிலும் தங்கித் தவம் புரிந்தார். அங்கு உணர்ந்த அத்துவித அநுபவத்தையும் தம் கிறிஸ்து பக்தியையும் எங்ஙனம் பொருத்துவது? ஒன்றையும் கைவிட மனமின்றி, ஆண்டுக்கணக்காக அவர் பட்ட வேதனைக்கு அவருடைய நாட்குறிப்பே சான்று. வேடதாரிக்கு இத்தகைய வேதனை ஏது?

1968இல் சாந்திவனத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸிடம் ஒப்படைத்து, அபிஷிக்தானந்தர் இமயம் சென்றார். 1973 ஜூலையில், ரிஷிகேசத்து வீதியில் மாரடைப்பால் வீழ்ந்தார். செயலற்றுக் கிடந்த அந்நிலையிலேயே, தாம் தேடியது கிட்டிற்று என்னும் பேரமைதி தமக்கு வாய்த்ததாக நண்பர்க்கு எழுதினார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் வாழ்வு நிறைவுற்றது. பீட் கிரிபித்ஸ் 1993இல் மறையும்வரை இப்பள்ளியைப் பேணினார்.

சுமை சுமந்து சோர்ந்தவரைக் கிறிஸ்துநாதர் இளைப்பாற அழைத்தார் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. அவ்விளைப்பாறுதல், வினாக்களை மறந்துவிடுவதால் வருவதன்று. அவற்றைச் சுமந்து இறுதிவரை நடந்து, பின் தன்னையே இறைவனிடம் விட்டுவிடுவதால் வருவது. சைவம் கூறும் ‘சும்மா இருத்தல்’ இதற்கு வெகுதூரத்திலில்லை.

சைவனாகச் சென்ற யான் சைவனாகவே மீண்டேன். ஆயினும் பிறர் பெற்ற அமைதியை ஐயமின்றி வணங்கும் மனத்தையும் உடன் கொணர்ந்தேன். எம்மதத்தவரையும் அங்கு வரவேற்கின்றனர். செல்வோர் ஓரிரவேனும் தங்குக. விடியலில் காவிரிக் கரையிற் பேசாது அமர்ந்திருக்க.