சேடில் பீக்குக்கு இரண்டு வழி

அந்தமான் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். செல்லுலார் சிறை, அங்கே மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சி, ராதாநகர் கடற்கரை, பவளப் பாறை பார்க்க ஒரு படகுச் சவாரி. இந்தத் தீவுக் கூட்டத்திலேயே உயரமான இடம் எது என்று கேட்டால் விழிப்பார்கள். அது வடக்கு அந்தமானில், டிக்லிப்பூருக்கு அப்பால், கடலை ஒட்டியே எழுந்து நிற்கும் சேடில் பீக். உயரம் 732 மீட்டர். குதிரைச் சேணம் போல நடுவில் தாழ்ந்திருப்பதால் வந்த பெயர்.

ஊட்டி, கொடைக்கானல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வெறும் குன்று. ஆனால் ஊட்டிக்கு பஸ் போகிறது. இங்கே கணக்கு காலில் மணல் ஒட்டியிருக்கும்போதே தொடங்குகிறது. லாமியா விரிகுடாவில் உள்ள வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக் கட்டணம் செலுத்தினால், முதலில் கரையோரமாகக் கல்லிலும் அலை ஒதுக்கிப் போட்ட மரங்களிலும் கால் வைத்து நடக்க வேண்டும். பிறகு பாதை காட்டுக்குள் திரும்பிச் செங்குத்தாக ஏறுகிறது. ஒரு வழி மட்டும் சுமார் 8 கி.மீ. மழைக்காட்டின் புழுக்கத்தில் சட்டை காயவே காயாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது சுமக்காமல் புறப்படுவது முட்டாள்தனம். உச்சியில் மேகம் கவிந்திருந்தால் ஏறிய பாட்டுக்குக் கிடைப்பது வெள்ளைத் திரைதான். மேகம் விலகினால், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காடு.

கூடாரமும் முதுகுப் பையுமாகப் போக நினைப்பவர்கள் முதலில் புரட்ட வேண்டியது காலண்டரை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தில், அந்தமானுக்கு வந்துவிடும். அது போன கையோடு வடகிழக்குப் பருவமழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் நடைக்கு ஏற்ற காலம். மற்ற மாதங்களில் அட்டைகள் விருந்தாளிகளுக்காகக் காத்திருக்கும்.

அடுத்து கடிகாரம். தீவுகள் கிட்டத்தட்ட 93 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. கடிகாரமோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டு. சென்னைப் பழக்கத்தில் காலை டிபனை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்குகிறவர் இறங்கும்போது தடவித் தடவித்தான் வர வேண்டியிருக்கும்.

கூடாரம் விஷயத்தில் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். சேடில் பீக் ஒரு தேசியப் பூங்கா. தோன்றிய இடத்தில் தங்குவதற்கு வனவிலங்குச் சட்டம் இடம் தராது. காலையில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். அருகில் உள்ள காலிப்பூரில் தங்கலாம். அங்கே விடுதிகள் உண்டு, சொந்தக்காரர் சம்மதித்தால் தோட்டத்தில் கூடாரமும் அடிக்கலாம். ஆனால் கடற்கரை மணலில் அல்ல. காலிப்பூர், நான்கு வகைக் கடல் ஆமைகள் முட்டையிட வரும் கரை. நடை போவதற்கு ஏற்ற அதே மாதங்களில்தான் அவையும் இரவில் கரையேறுகின்றன. விளக்கும் நெருப்பும் அவற்றை வழி தவற வைக்கும். ஆமையைப் பற்றிக் கவலைப்படாதவர்களை மணல் ஈ கவனித்துக்கொள்ளும். அது கடித்த இடம் பல நாள் அரிக்கும். கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010ல் ஹேவ்லாக் தீவில் ஓர் அமெரிக்கப் பெண் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகையை அலங்காரத்துக்கு வைத்திருப்பதாக எண்ண வேண்டாம்.

இவ்வளவும் முடிவான பிறகு எஞ்சுவது ஒரு கேள்வி: டிக்லிப்பூருக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில், அல்லது கப்பலில் மூன்று நாளில், போர்ட் பிளேர். (2024 செப்டம்பரில் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சோழர் கடற்படையின் பெருமையும் அப்போது பேசப்பட்டது. ஸ்ரீவிஜயம் என்பது ராஜேந்திர சோழன் 1025ல் படையெடுத்துப் போய்த் தோற்கடித்த அரசின் பெயர் என்பது வேறு விஷயம்.) அங்கிருந்து அந்தமான் டிரங்க் ரோடு வழியாக டிக்லிப்பூர் 300 கி.மீ.க்கும் மேல். விடியற்காலை பஸ் ஏறினால் இரவுக்குள் சேர்ந்துவிடலாம். பயண ஏஜென்ட்டுகள் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அந்தச் சாலையில் ஜிர்காடாங் என்ற இடத்தில் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு மொத்தமாகப் புறப்பட்டு, மிடில் ஸ்ட்ரெய்ட் வரை எங்கும் நிற்காமல் போக வேண்டும். இடையில் இருப்பது ஜாரவா பழங்குடியினரின் காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் மொத்தம் 380 பேர். சென்னையில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தை நிரப்பக்கூடக் காணாது.

சாலை போடும்போதே அவர்கள் அம்பு எய்து எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் வெளியாரை அண்ட விடவில்லை. 1996ல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவருக்கு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தரப்பட்டது. குணமாகி அவர் திரும்பிய பிறகு, 1997 கடைசியிலிருந்து, அவர்கள் பகலிலேயே காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சின்ன வயதில் வந்து போகும் நோய், அதற்குப் பழக்கப்படாத ஒரு சிறு கூட்டத்தை என்ன செய்யும் என்பதை அந்தமானின் மற்ற பழங்குடிகளின் கதை ஏற்கனவே காட்டியிருந்தது.

ஒதுக்குப் பகுதி வழியாகச் செல்லும் சாலையை மூட வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012 தொடக்கத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் ஜாரவா பெண்கள் ஆட வைக்கப்படும் வீடியோ வெளியாகி உலகெங்கும் தலைகுனிவை ஏற்படுத்தியது. படம் எடுத்தால், உணவு கொடுத்தால் சிறை என்று சட்டம் இறுகியது. ஆனால் பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையைக் காட்டுகிறோம் என்று அழைத்துப் போகும் வண்டிகள் இன்னமும் அதே வழியில்தான் ஓடுகின்றன. ஜன்னலோர இருக்கைக்கு நடக்கும் போட்டி குகைக்காக அல்ல.

நடு அந்தமானிலும் வடக்கு அந்தமானிலும் வசிப்பவர்களுக்குச் சாலை வேறு. பிரசவ வலியில் துடிப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, காய்கறியைச் சந்தைக்கு அனுப்ப அதுதான் வழி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலை ஏற விடுமுறையில் வருகிறவருக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை.

அவருக்குக் கடல் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பல்கள் டிக்லிப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஏரியல் பே வரை போகின்றன. வாரத்தில் சில நாட்கள்தான். இன்னொரு வழி, ஹேவ்லாக், லாங் ஐலண்ட் வழியாக ராங்கட்டுக்குப் படகில் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பது. ராங்கட் ஜாரவா காட்டைத் தாண்டி இருக்கிறது. இந்த வழியில் ஒரு லாபமும் உண்டு. ஒரு காலத்தில் பிளைவுட் ஆலை ஓடிய லாங் ஐலண்டில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்தோ, 'டுங்கி' என்று தீவுக்காரர்கள் சொல்லும் சிறு படகிலோ லாலாஜி விரிகுடாவுக்குப் போகலாம். வனத்துறை அனுமதி கொடுத்தால் கூடார ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். பெரிய மலைக்கு முன் கால்களுக்கும் ஒரு ஒத்திகை.

செலவாவது நாட்கள்தான். டிக்கெட் கவுன்டரில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை. கடல் பொங்கினால் கப்பல் கிடையாது. ஒரு வாரத் திட்டத்தைப் பத்து நாளாக நீட்ட வேண்டியிருக்கும். திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளைக் காலியாக விட்டு வைப்பது நல்லது. ஸ்டவ்வுக்கான காஸ் குப்பியையும் மண்ணெண்ணெயையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கிடைப்பதைப் போர்ட் பிளேர் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே விலை பேசத் தமிழே போதும்.

கப்பல் அதிகாலையில் புறப்படும். முந்தின இரவே மூட்டை கட்டிவிடுவது உத்தமம்.