காத்திருந்த கோப்பை

கூடி நின்று ஆரவாரிக்க ஆளில்லாத ஆட்டமும் ஓர் ஆட்டமா? இக்கேள்விக்காக ஓராண்டு காத்திருந்த இரண்டு கால்பந்து அணிகளை நான் ஒருகாலத்தில் எள்ளி நகையாடியதுண்டு.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் வாழ்பவர்கள் பாஸ்க் மக்கள். அவர்தம் புகழ்பெற்ற நகரங்களுள் பில்பாவோவும் சான் செபாஸ்டியனும் இரண்டு. முன்னதன் அணி அத்லெட்டிக். பின்னதன் அணி ரியல் சோசியடாட். 2020-ஆம் ஆண்டு மன்னர் கோப்பை இறுதியாட்டத்திற்கு இவ்விரு அணிகளுமே தேறின. ஏப்ரல் 18-ஆம் நாள் செவில்லா நகரில் ஆட்டம் என்று குறித்தாயிற்று. அதற்குள் கொரோனா வந்தது. மார்ச் 14-இல் நாடே முடங்கியது.

வெற்று மைதானத்தில் ஆடி முடித்திருக்கலாம். ஆனால், "எம் மக்கள் பார்க்கவே ஆடுவோம்" என்ற எண்ணத்தில் இரு அணிகளும் ஆட்டத்தைத் தள்ளிவைக்க இசைந்தன. கோப்பையின் வழியே கிடைக்கும் ஐரோப்பியப் போட்டி வாய்ப்பு கைநழுவக்கூடும் என்பதையும் அவை அறிந்தேயிருந்தன. "இது என்ன வீண் பிடிவாதம்!" என்று நான் சிரித்தேன்.

அவ்வாண்டு ஆகஸ்டில் என் தாத்தா காலமானார். ஊரில் எவர் வீட்டுத் துக்கமானாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பவர் அவர். அவருடைய இறுதிச் சடங்கிலோ இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. "ஊரே திரண்டு வந்திருக்குமே, அப்பா!" என்று என் அன்னை அழுதபோது, அந்த அணிகளின் பிடிவாதம் எனக்கு விளங்கிற்று.

காத்திருந்தும் பயனில்லை. 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் ஆட்டம் நடந்தபோதும் மைதானம் வெறிச்சோடியே கிடந்தது. ஓயர்சபால் பெனால்டியில் அடித்த ஒரே கோலால் ரியல் சோசியடாட் வென்றது. 1987-க்குப் பின் அவர்கள் தொட்ட முதல் பெருங்கோப்பை அது. பயிற்சியாளர் இமானோல் அல்குவாசில் செய்தியாளர் கூட்டத்திலேயே அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு, ரசிகனைப் போல் உரக்க முழக்கமிட்டார். வர இயலாத ஆயிரமாயிரம் பேரின் குரலை அவர் ஒருவரே எழுப்பியதாக எனக்குத் தோன்றிற்று.

தோற்ற அத்லெட்டிக்குக்கும் ஒரு நாள் வந்தது. 2024-இல் அதே மைதானத்தில், ரசிகர் வெள்ளத்தின் நடுவே, மயோர்காவை வென்று அதே கோப்பையை 40 ஆண்டுகளுக்குப் பின் ஏந்தினர். பில்பாவோவின் ஆற்றில் படகேறி வந்த வீரர்களை இரு கரையும் நிறைந்த மக்கள் வரவேற்றனர்.

தாத்தாவின் இரண்டாம் ஆண்டுத் திதிக்கு எங்கள் ஊர் திரண்டு வந்தது. பந்தியில் இலை போதாமல் போயிற்று. தோட்டத்துக்கு ஓடி இலை அறுத்து வந்த எனக்கு, அன்று ஏனோ கண் நிறைந்தது.