இருளில் வைத்த குடுவை

ஆய்வு மாணவனாக இருந்த இரண்டாம் ஆண்டில், என் மேசைமீது நாள்தோறும் ஒரு குடுவை கருத்துப்போய் நின்றது. ஒரு கரிமச் சேர்மத்தில் ஒரே ஒரு பிணைப்பை மாற்றியமைக்க வேண்டும். அதற்காகப் புற ஊதா விளக்கை ஏற்றினேன். மூலக்கூறு முழுவதுமே சிதைந்தது. நான்கு மாத உழைப்பு குடுவையின் அடியில் தாராகப் படிந்தது. ஆய்வைக் கைவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

பிழை எங்கே நேர்ந்தது? பெரும்பாலான கரிம மூலக்கூறுகள் கண்ணுறு ஒளியை உட்கவர்வதில்லை. ஆகவேதான் புற ஊதாக் கதிரை நாடினேன். 254 நானோமீட்டர் அலைநீளமுடைய அக்கதிரின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 470 கிலோஜூல். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 350 கிலோஜூலே போதும். பூக்கொய்யக் கோடரி ஏந்தியவனின் நிலையில் நான் இருந்தேன்.

அந்நாள்களில் ஜாக்கோமோ சாமிச்சானைப் பற்றிப் படித்தேன். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக மேல்மாடத்தில் குடுவைகளை வரிசையாக வெயிலில் வைத்து ஆராய்ந்தவர் அவர். கரும்புகையின்றிக் கதிரொளியால் இயங்கும் தொழிற்கூடங்களை, 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் அவர் கனவு கண்டார். அக்கனவு நனவாக, ஒளியை ஏந்தித் தரும் துணையொன்று வேண்டியிருந்தது. 2008இல் அமெரிக்காவில் டேவிட் மேக்மில்லன் குழுவும் தெஷிக் யூன் குழுவும் ருத்தேனியம் அணைவுச் சேர்மத்தை அவ்வாறு பயன்படுத்திக் காட்டியிருந்தன.

நானும் அதனை மிகச் சிறிதளவு சேர்த்தேன். கரைசல் செம்மஞ்சள் நிறம் கொண்டது. அவ்வினையூக்கி நீல ஒளியை உட்கவர்ந்து கிளர்வுறும். அருகிலுள்ள மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானை ஈந்து அதனை வினைபுரியத் தூண்டும். பின்னர் வேறொன்றிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெற்றுப் பழைய நிலைக்கு மீளும். தான் செலவாகாமல் இச்சுற்றைப் பலமுறை நிகழ்த்தும்.

அன்றிரவு இரண்டு குடுவைகளை வைத்தேன். ஒன்று நீல விளக்கொளியில் நின்றது. மற்றொன்றை அலுமினியத் தாளால் முழுவதும் மூடினேன். மறுநாள் ஒளிபட்ட குடுவையில் நான் தேடிய சேர்மம் உருவாகியிருந்தது. நிறமாலை அதனை உறுதிசெய்தது. மூடிய குடுவையில் எம்மாற்றமும் இல்லை. நான் நெடுநேரம் நோக்கி நின்றது அந்த இரண்டாம் குடுவையைத்தான். வினையை நிகழ்த்தியது ஒளியே என்பதற்கு அதுவன்றோ சான்று!

இன்று என் மாணவர்கள் வெற்றிச் செய்தியுடன் ஓடிவரும்போது, மகிழ்ச்சியோடு நான் முதலில் கேட்பது இதுதான்: “இருளில் ஒரு குடுவை வைத்தீர்களா?”