‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதற்கு முன்

புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர் வகுப்பில் போய் நின்றால், அவருக்குள்ளிருந்து அவருடைய பழைய ஆசிரியர் ஒருவர்தான் பேசுவார். பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் போர்டை எப்படிக் கோடு போட்டுப் பிரித்தாரோ, அப்படியே இவரும் பிரிப்பார். அவர் எந்தச் சொல்லால் அதட்டினாரோ அதே சொல் இவர் வாயிலும் வரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்குப் போவது சில மாதங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததோ பன்னிரண்டு வருடம். எது ஆழமாகப் பதியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஐந்தாறு வருடத்தில் குரல் தேறிவிடும், கையெழுத்து தேறிவிடும், வகுப்பு அடங்கிவிடும். “அவர் வகுப்பில் சத்தமே கேட்காது” என்று தலைமையாசிரியரும் பாராட்டிவிடுவார். பலர் அந்த இடத்திலேயே நின்றுபோகிறார்கள். நான் கணக்கு ஆசிரியர். மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. பார்த்தவரை எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். ஓர் ஆசிரியரின் தரம் அவர் பேசும்போது தெரிவதைவிட, கேள்வி கேட்டுவிட்டு நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது. பாணியை வளர்த்துக்கொள்ள நினைப்பவர் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

நம் வகுப்புகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி “புரிஞ்சுதா?” என்பது. அதற்கு நாற்பது பிள்ளைகளும் ஒரே ராகத்தில் “புரிஞ்சுது சார்” என்பார்கள். புரியாத பிள்ளைதான் கொஞ்சம் உரக்கச் சொல்லும். அந்தக் கேள்வியால் ஆசிரியருக்கு ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. அடுத்தபடியாக, உண்மையான கேள்வியே கேட்டாலும் நாம் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் இதைப் பற்றி எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை. உடனே வேறொருவரைக் கேட்கிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, தாமாகப் பேச முன்வரும் பிள்ளைகள் கூடுகிறார்கள், ‘தெரியாது’ என்பது குறைகிறது. பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். நம் வழக்கத்தில் அந்த இரண்டாவது பொறுமைதான் அடியோடு இல்லை. பதில் வந்தவுடன் ‘வெரி குட்’ அல்லது ‘தப்பு, உட்காரு’. பேச்சு அங்கேயே முறிந்துவிடுகிறது.

மூன்று நொடி என்று சொல்ல எளிது. நாற்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பவருக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். சிலபஸ் பாக்கி இருக்கிறது, தேர்வு வருகிறது, பக்கத்து செக்‌ஷன் இரண்டு பாடம் முன்னால் போய்விட்டது. இத்தனைக்கும் நடுவில் அந்த நொடிகளை விட்டுக்கொடுக்க மனம் துணிய வேண்டும்.

அப்படித் துணிந்த ஒரு டீச்சரின் வகுப்பை இங்கே சொல்ல வேண்டும். அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, தசம எண்கள். போர்டில் 0.4, 0.35 என்று எழுதி, “எது பெருசு?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் முணுமுணுப்பு, பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, “0.35 டீச்சர். முப்பத்தஞ்சு பெருசு, நாலு சின்னது” என்றாள். டீச்சர் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. ஜன்னலோரப் பையன் 0.4 என்றான். சரியான பதில். நம்மில் பெரும்பாலோர் அங்கே ‘வெரி குட்’ போட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். அவர், “எப்படிடா சொன்ன?” என்று கேட்டார். பையன் சொன்னான்: “இதுல புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு நம்பர்தான் டீச்சர். நீளமா போனா சின்னதாயிடும்.”

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரியில் 0.3, 0.47 என்று எழுதினார். பையன் தயங்காமல் 0.3 தான் பெரிது என்றான். அவனுக்குப் பத்தில் ஒரு பங்கு பெரிது, நூற்றில் ஒரு பங்கு சிறிது என்பது தெரியும். அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தப்பான விதி ஒன்றை அவனே செய்து வைத்திருக்கிறான். முதல் கணக்கில் அந்த விதி அவனுக்கு மார்க் வாங்கித் தரும். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. தப்பான பதிலை மட்டும் விசாரித்தால் போதாது, சரியான பதிலையும் ‘எப்படி?’ என்று கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கணக்கு நோட்டில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, அவரவர் தவறிய ஜோடியின் இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாகப் பென்சிலால் நிழலிடச் சொன்னார். நான் எழுந்து போய் அவர்கள் நோட்டைப் பார்த்தேன். பெண் முதலில் நாலே நாலு கட்டத்துக்கு நிழலிட்டாள். பையன், “பத்துல நாலு பங்குடி, நாலு வரிசை” என்று அவளைத் திருத்தினான். அவள் அழித்துவிட்டு நாலு வரிசை முழுக்க நிழலிட்டு எண்ணிப் பார்த்தாள். நாற்பது. யாரும் சொல்லாமலே 0.4 என்பதன் பக்கத்தில் ஒரு பூச்சியம் போட்டு 0.40 என்று எழுதிக்கொண்டாள். பையன் 0.47ஐ நிழலிட்ட பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இதற்கு இருபது நிமிடம் ஆனது. ‘பூச்சியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கிக்கொள்’ என்ற விதியைப் போர்டில் எழுத இரண்டு நிமிடம் போதும், உண்மைதான். ஆனால் அந்த விதியைக் காப்பி செய்துகொண்ட பிள்ளையின் தலைக்குள் பழைய விதி அப்படியே உட்கார்ந்திருக்கும். இன்னொன்றும் அன்று தெரியவந்தது. பையன்களில் சிலருக்குத் தசமப் புள்ளி என்றால் கிரிக்கெட் ஓவர். அங்கே 4.5க்கு அடுத்தது 5. இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டார், பொறுத்திருந்தார், பிள்ளைகளே சொன்னார்கள். அடுத்த வருடம் அதே பாடத்தை எடுக்கும்போது ஓவர் கணக்கிலிருந்தே அவர் தொடங்கக்கூடும். பாணி என்பது இப்படித்தான் பாடத்துக்குப் பாடம் சேர்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார், பாடம் சொல்லும் முறைக்கென்றே பாயிரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார். அவசரமும் கோபமும் கூடாது, கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்கிறார். மாணாக்கனைப் பற்றிச் சொல்லும்போது அவர் ஒரு கணக்கும் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. ஆசிரியர் எவ்வளவு திறமையாகப் பேசினாலும் கால் பங்குக்கு மேல் தர முடியாது என்று ஓர் இலக்கண ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990 வாக்கில் வேறு வழியில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். கடினமான கணக்குகளையும் போட்டார்கள். ஆனால் நியூட்டன் விதிகளைப் பற்றிச் சூத்திரம் தேவைப்படாத எளிய கேள்விகளைக் கொடுத்தபோது பலர் தடுமாறினார்கள். அதன் பிறகு அவர் நீண்ட விரிவுரையைக் குறைத்தார். ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் தனியாக ஒரு பதிலை முடிவு செய்ய வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் அதை வாதாடிப் பார்த்துவிட்டு மறுபடி பதில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பெஞ்சில் நடந்ததும் இதேதான்.

இதையெல்லாம் தனியாளாகச் செய்வது கடினம். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது கண்ணில் படுவது முன்வரிசையும் கை தூக்குகிறவர்களும்தான். அதனால் இன்னொரு ஆசிரியரின் கண் தேவைப்படுகிறது. ஜப்பானில் ‘ஜுகியோ கென்கியூ’ என்ற பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று அவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசும்போது பேச்சு பாடத்தைப் பற்றியதாக இருக்கும். நடத்தியவரை யாரும் எடைபோடுவதில்லை.

நம் ஊரில் வகுப்புக்குள் பெரியவர் ஒருவர் வந்தாலே அது ஆய்வு. பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்து இருக்கிறதா, பதிவேடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். அந்தப் பயத்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக்கூட உள்ளே கூப்பிட நமக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கூச்சம் போகாமல் எந்தப் பயிற்சி முகாமும் பெரிதாக உதவாது என்பது என் கருத்து. பாடத்துக்குப் பாடம் மாறுகிற சங்கதியை முகாமில் பொதுவாகச் சொல்லித்தர முடியாது. தசம எண்ணில் பிள்ளை இடறும் இடம் வேறு, பின்னத்தில் இடறும் இடம் வேறு.

ஆகவே இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பீரியட் முழுவதும் உங்கள் குரலை மட்டும் செல்போனில் பதிவு செய்து, வீட்டில் தனியாகப் போட்டுக் கேளுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனைக்கு நீங்களே பதில் சொன்னீர்கள் என்று பாருங்கள். பிறகு உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். உங்களைப் பார்க்க வேண்டாம், மூன்று பிள்ளைகளின் நோட்டை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கால அட்டவணை போடும்போது, ஒரே பாடம் எடுக்கும் இருவருக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரும்படி அமைத்துக் கொடுங்கள். அந்த ஒரு பீரியடில் மட்டும் அவரை சப்ஸ்டிட்யூஷனுக்கு அனுப்பாதீர்கள். இதற்கு நிதி எதுவும் தேவையில்லை.